42 வயது, டீடிபி வேலை, கையில் ஒரு பைத்தான் நிரல்: பெங்களூரில் புரோகிராமர் வேலைக்கு எப்படி நுழைவது?

சுல்தான்பேட்டை டீடிபி (கேள்வி)

வணக்கம். வயது 42. சொந்த ஊர் தங்கவயல், சாம்பியன் ரீஃப். அப்பா சுரங்கத் தொழிலாளி. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். எனக்கு அடுத்த மாதம் பி.யு.சி. இரண்டாம் வருட (பன்னிரண்டாம் வகுப்பு) பரீட்சை. எழுதினேன், தேறினேன். காலேஜ் என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலேறி பெங்களூர் வந்து, ராத்திரி திரும்புகிற கூட்டத்தில் நானும் சேர்ந்தேன். ரயில் பழக்கத்தில் ஓர் அண்ணன் சுல்தான்பேட்டையில் ஒரு அச்சகத்தில் சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை டீடிபிதான், அதாவது அச்சுக்குப் போகும் பக்கங்களைக் கம்ப்யூட்டரில் அடித்து வடிவமைக்கும் வேலை. பேஜ்மேக்கர், கோரல்டிரா. எழுத்துரு தமிழ் என்றால் பாமினி, கன்னடம் என்றால் நுடி. கல்யாணப் பத்திரிகை, கூழ் ஊற்றும் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, பில் புக். இப்போது ஸ்ரீராம்புரத்தில் குடியிருக்கிறோம். சம்பளம் 27,000. பெண் ஒன்பதாவது படிக்கிறாள்.

முன்பு ஒரு கல்யாணத்துக்கு ஆயிரம் பத்திரிகை அடிப்பார்கள். இப்போது இருநூறு அடித்துவிட்டு மீதியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். முதலாளி நல்லவர், போ என்று சொல்ல மாட்டார். ஆனால் மதியத்துக்கு மேல் என் மேசையில் வேலை இல்லாமல் இருப்பதை நானே பார்க்கிறேன்.

பைத்தான் என்ற நிரல்மொழிப் பக்கம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். அல்சூரில் ஒரு பெரியவர் பல வருடம் ஒரு சின்ன தமிழ் மாத இதழ் நடத்தினார். வடிவமைப்பு எங்கள் அச்சகம். போன வருடம் வந்து, "தம்பி, எல்லா இதழையும் வெப்சைட்ல போடணும், படமா வேண்டாம், தேடினா கிடைக்கிற மாதிரி எழுத்தா வேணும்" என்றார். 140 இதழ். எல்லாம் பாமினி. பாமினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரிசையாக அடித்தால் கண்ணுக்குத் 'தமிழ்' என்று தெரியும், கம்ப்யூட்டருக்கு அது ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துருவை எடுத்துவிட்டால் அத்தனை பக்கமும் குப்பை. உட்கார்ந்து மறுபடி அடித்தால் ஒரு வருடம் ஆகும். அப்போது ரயிலில் கூட வந்த ஒரு பையன், இப்போது ஐடியில் இருக்கிறான், "பைத்தான்ல இருபது வரி போதும்ணா" என்றான்.

இருபது வரியில் முடியவில்லை. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கம்ப்யூட்டரும் தமிழாகவே புரிந்துகொள்ளும் பொதுக் குறியீட்டுக்கு, எழுத்துக்கு எழுத்து மாற்றும் பட்டியலை இரண்டே நாளில் போட்டுவிட்டேன். அந்த விசைகள் என் விரலிலேயே இருக்கின்றன. கொம்பில்தான் மாட்டிக்கொண்டேன். பாமினியில் டைப்ரைட்டர் மாதிரி கொம்பை முதலில் அடித்து, பிறகு எழுத்தை அடிப்போம். யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. ஆக, கொம்பைப் பிடித்து அடுத்த எழுத்துக்குப் பின்னால் தள்ள வேண்டும். அதைச் செய்தேன். அடுத்தது 'கௌ'. பழைய எழுத்துருவில் அது கொம்பு, க, ள என்று மூன்று துண்டு. 'கொம்பு, ஏதோ ஓர் எழுத்து, ள' வந்தால் ஔகார உயிர்மெய்யாக மாற்று என்று விதி எழுதி, ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

காலையில் பார்த்தால் 140 இதழிலும் வெள்ளிக்கிழமை செத்துக் கிடக்கிறது. வெள்ளம், தெளிவு, பெள்ளாரி, எல்லாம் உடைந்திருக்கின்றன. 'வெள்ளி'யிலும் கொம்பு, வ, ள என்றுதானே வருகிறது! நிரல் அதை 'வௌ' ஆக்கி, மிச்சப் புள்ளியை அந்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறது. மூன்று ராத்திரி யோசித்தேன். 'ள'வுக்கு அடுத்து புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இருந்தால் அது நிஜமான 'ள', தொடாதே. இல்லாவிட்டால் மட்டும் ஔகாரம். இப்படி மாற்றியதும் வெள்ளிக்கிழமை உயிரோடு வந்தது. 24 வருடத்தில் எத்தனையோ பத்திரிகை அடித்திருக்கிறேன், இந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. அன்றைக்குத்தான் இதையே வேலையாகச் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன்.

14 மாதமாக ராத்திரி பத்திலிருந்து பன்னிரண்டு வரை படிக்கிறேன். பைத்தான், கொஞ்சம் எஸ்க்யூஎல் (தரவுத்தளத்தில் தேடி எடுக்கும் மொழி), கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி). இதுவரை 63 இடத்துக்கு ரெஸ்யூம் போட்டேன். இரண்டு இடத்திலிருந்து போன் வந்தது. ஒருவர் "எந்த வருஷம் பாஸ் அவுட்?" என்று கேட்டார். 2001 என்றேன். வைத்துவிட்டார்.

இப்போது முன்னால் இரண்டு வழி இருக்கிறது. பி.டி.எம். லேஅவுட்டில் ஒரு பயிற்சி நிலையம் 85,000 கட்டினால் வேலை உறுதி என்கிறது. மாரத்தஹள்ளியில் ஒருவர் 40,000 கொடுத்தால் மூன்று வருட அனுபவச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, ரிலீவிங் லெட்டர் எல்லாம் தருகிறேன் என்கிறார். "உங்க வயசுல ஃப்ரெஷர்னு போட்டா திறந்தே பாக்க மாட்டாங்க சார்" என்றார். அது மனதை அரிக்கிறது. மனைவியிடம் இரண்டாவதைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. இந்த வழியில் போனவர்கள் யாராவது இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள்.

பழைய டெஸ்டர்

அண்ணா, முதல்ல அந்த மாரத்தஹள்ளி ஆள் நம்பரை போன்லேர்ந்து எடுத்துடுங்க. மத்ததை அப்புறம் பேசலாம்.

நான் மைசூர் ரோட்டுல ஒரு கார்மென்ட்ஸ்ல பத்து வருஷம் அக்கவுன்ட்ஸ் பார்த்தேன். 37 வயசுல சாஃப்ட்வேர்ல தப்பு கண்டுபிடிக்கற டெஸ்டிங் வேலைக்கு வந்தேன், இப்போ 44. என் டீம்ல ஒரு பையன் இதே மாதிரி சான்றிதழ் வாங்கிட்டு சேர்ந்தான். வேலை நல்லாவே செஞ்சான், அதுதான் இன்னிக்கும் எனக்கு வேதனை. அஞ்சாவது மாசம், பழைய வேலை உண்மையான்னு பார்க்கற வெரிஃபிகேஷன் முடிஞ்சு ரிப்போர்ட் வந்துச்சு. காலைல பதினோரு மணிக்கு எச்.ஆர். கூப்பிட்டாங்க, பதினொன்றரைக்கு லேப்டாப்பை வெச்சுட்டு வெளிய போனான். ரிலீவிங் லெட்டர் கிடையாது. அந்த அஞ்சு மாசம் உண்மையா வேலை செஞ்சதையும் இப்போ அவனால எங்கயும் காட்ட முடியலை.

எப்படி மாட்டுதுன்னு சொல்றேன். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடிக்கிற கம்பெனில வேலை செஞ்சா யூஏஎன்னு ஒரு பி.எஃப். நம்பர் இருக்கும். எந்தக் கம்பெனி எந்த மாசம் பணம் கட்டுச்சுங்கறது அதுல அப்படியே பதிவாகி இருக்கும். நீங்க மூணு வருஷம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில இருந்தேன்னு சொல்லி, அதுல ஒரு மாசம்கூட இல்லேன்னா? வருமான வரிப் பதிவுலயும் அந்தச் சம்பளம் இருக்காது. காகிதத்துல சீல் குத்தலாம், இதுல குத்த முடியாது.

85,000 விஷயம். "உறுதி"ன்னா என்னன்னு எழுத்துல கேளுங்க. வேலை கிடைக்கலேன்னா பணம் திரும்பி வருமா, எத்தனை நாள்ல, எந்தச் சம்பளத்துக்கு மேல கிடைச்சா வேலைன்னு கணக்கு. நான் விசாரிச்ச ஒரு இடத்துல மூணு இன்டர்வியூவுக்கு அனுப்பறதுதான் உறுதின்னு சின்ன எழுத்துல இருந்துச்சு. பாதிப் பேருக்கு அது கால் சென்டர் இன்டர்வியூ. நீங்க ஏற்கெனவே 14 மாசம் தனியா உட்காந்து படிச்சவர். அவங்க உங்களுக்குப் புதுசா என்ன தரப்போறாங்க?

நான் எப்படி நுழைஞ்சேன்னா, ஒரு சின்ன கம்பெனி கார்மென்ட்ஸுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செஞ்சாங்க. நான் அதை வாங்கிப் பயன்படுத்தற இடத்துல உட்காந்திருந்தேன். ஜி.எஸ்.டி. வந்த 2017-ல தினம் ஒரு தப்பு கண்டுபிடிச்சு, படம் எடுத்து, எந்த பட்டனை அழுத்தினா எங்க கணக்கு மாறுதுன்னு எழுதி அனுப்புவேன். ஒரு நாள் அவங்களே "மேடம், நீங்க இங்கயே வந்துடறீங்களா"ன்னு கேட்டாங்க. ரெஸ்யூமே கேக்கலை. உங்க வெள்ளிக்கிழமைக் கதையைப் படிச்சதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு.

வீட்ல அண்ணிகிட்ட சொல்லிடுங்க. ராத்திரி தூக்கம் வராம தனியா வெச்சுக்கற விஷயம் இல்லை இது.

இந்திராநகர் ஒன்பது பேர்

ஒன்பது பேர் வேலை செய்யும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். ஆள் எடுக்கிற பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

நீங்கள் போட்ட 63 விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றை மனிதர் யாரும் பார்த்திருக்கமாட்டார். பெரிய சேவை நிறுவனங்கள் ஃப்ரெஷர் என்று எடுக்கும்போது எந்த ஆண்டில் பட்டம் முடித்தவர், பத்தாவதிலிருந்து எத்தனை சதவீதம், படிப்பில் எத்தனை ஆண்டு இடைவெளி என்று வரம்பு வைத்துத்தான் வடிகட்டுகின்றன. அது கல்லூரியிலிருந்து நேராக வரும் பிள்ளைகளுக்காகப் போட்ட வாசல். அங்கே நின்று நேரத்தை விடாதீர்கள்.

உங்கள் ரெஸ்யூம் எப்படித் தொடங்குகிறது? பெயர், பி.யு.சி., பிறகு "பைத்தான் தெரியும்" என்றுதானே இருக்கும்? மாற்றி எழுதுங்கள். முதல் வரி இப்படி இருக்கட்டும்: "பாமினியில் இருந்த 140 மாத இதழ்களை யூனிகோடுக்கு மாற்றும் நிரலை எழுதினேன், இப்போது அவை இணையத்தில் தேடக் கிடைக்கின்றன." அதற்குக் கீழே கிட்ஹப் (நிரலை எல்லோரும் பார்க்க வைக்கிற தளம்) முகவரி. அதற்குக் கீழே 24 ஆண்டு அச்சுத் துறை. அதை மறைக்காதீர்கள். பாமினியும் நுடியும் விரல்நுனியில் இருக்கிற புரோகிராமரை நான் இந்த ஊரில் இதுவரை சந்தித்ததில்லை.

நான் நேர்காணலில் கேட்கும் கேள்வி ஒன்று. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தானிடம் கேட்டால் 5 என்று சொல்லும். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. ஏன் 5? கல்லூரியில் நல்ல மதிப்பெண் வாங்கி வந்த பிள்ளைகள் பலர் இதற்கு விழிப்பார்கள். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று நீங்கள் யோசிக்காமலே சொல்வீர்கள், ஏனென்றால் அந்தப் புள்ளி தனியாகத் தொங்கியதைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்.

ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும், மனம் தளராதீர்கள். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. பைத்தானிலேயே ஓப்பன்-தமிழ் என்ற திறமூல நூலகம் இருக்கிறது. பழைய குறியாக்கங்களை மாற்றும் பகுதி அதில் உண்டு. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் மயிலை எழுத்துருவில் ஆரம்பித்து, டிஸ்கி என்ற குறியாக்கத்துக்குப் போய், பிறகு யூனிகோடுக்கு வந்த ஒன்றுதான். ஆகவே நீங்கள் பட்ட பாட்டை உங்களுக்கு முன்னால் பலர் பட்டிருக்கிறார்கள். இப்போது செய்ய வேண்டியது, அந்த நூலகத்தின் நிரலைத் திறந்து, உங்கள் 140 இதழ்களையும் அதில் ஓட்டிப் பார்ப்பது. எந்த வார்த்தை அதில் உடைகிறது, உங்களுடையதில் உடையவில்லை? அல்லது எதிர்மாறாக? வித்தியாசங்களை ஒரு பட்டியலாக்கிக் கிட்ஹப்பில் வையுங்கள். வேறொருவர் எழுதிய நிரலைப் படித்து, அதில் நம் கையை வைப்பதுதான் நிறுவனத்தில் முக்கால்வாசி நேரமும் நடக்கும் வேலை. முன்அனுபவம் என்று கேட்பவர்கள் உண்மையில் கேட்பது அதைத்தான்.

அந்த அனுபவச் சான்றிதழோடு என்னிடம் வந்திருந்தால் நான் உங்களை எடுத்திருக்கமாட்டேன். மூன்று வருடம் செய்தவர் என்று நினைத்துக் கேள்வி கேட்டிருப்பேன், நீங்களும் தடுமாறியிருப்பீர்கள்.

ஒயிட்ஃபீல்ட் வாசி

எல்லாரும் தைரியம் சொல்றீங்க, நான் வேற ஒண்ணு சொல்றேன், அண்ணன் கோவிச்சுக்கக் கூடாது. 15 வருஷமா இந்தத் துறைல இருக்கேன். இப்போ ஆரம்ப நிலை வேலை குறைஞ்சிருக்கு. சின்னச் சின்ன நிரலை ஏஐ கிட்ட கேட்டா எழுதித் தந்துடுது. ஆரம்பச் சம்பளம் நீங்க வாங்கற 27,000-ஐ விடக் குறைவாகவும் இருக்கலாம். பொண்ணு ஒன்பதாவது, அடுத்த வருஷம் பத்தாவது. அச்சக வேலையை மட்டும் கையில வேற வேலை வராம விட்டுடாதீங்க. கோவத்துல விட்டுட்டு ஆறு மாசம் கஷ்டப்பட்ட ஒருத்தர் எங்க வீட்டுலயே இருக்கார்.

சுல்தான்பேட்டை டீடிபி

எல்லாருக்கும் நன்றி. மூன்று முறை படித்தேன்.

டெஸ்டர் அக்கா, நீங்கள் சொன்னபடி நேற்று ராத்திரி வீட்டில் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பொய்ச் சீட்டோட உள்ள போயி, தினம் பயந்துகிட்டே சோறு தின்ன முடியுமா?" என்று கேட்டாள். நம்பரை எடுத்துவிட்டேன்.

ஒயிட்ஃபீல்ட் சார், கோபம் இல்லை. அச்சகத்தை விடவில்லை. ஏஐ பற்றி எனக்கும் பயம் உண்டு, அதனால் அந்த ஔகார விஷயத்தை அதனிடமே கேட்டுப் பார்த்தேன். நான் முதலில் எழுதிய அதே தப்பு விதியைத் தந்தது. வெள்ளிக்கிழமை உடையும் என்று சொன்ன பிறகுதான் திருத்தியது. உடையும் என்று கேட்கத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் அல்லவா?

ஒரே ஒரு சந்தேகம். டிகிரி இல்லாதது எவ்வளவு தூரம் இடிக்கும்?

பழைய டெஸ்டர்

சின்ன கம்பெனில இடிக்காது, பெருசுல இடிக்கும் அண்ணா. ஆனா வழி இருக்கு. ஐஐடி மெட்ராஸ் 2020-ல ஒரு ஆன்லைன் படிப்பு ஆரம்பிச்சாங்க, டேட்டா சயின்ஸ்ல பி.எஸ். வயசு வரம்பு கிடையாது. பன்னிரண்டாவது முடிச்சிருக்கணும், உங்க பி.யு.சி. அதுக்குச் சமம்தான். பத்தாவதுல கணக்கும் இங்கிலீஷும் படிச்சிருக்கணும். முதல்ல நாலு வாரம் பாடம் நடத்தித் தகுதித் தேர்வு வைப்பாங்க. தேர்வு மட்டும் நேர்ல போய் எழுதணும். பாதில நிறுத்தினாலும், முடிச்ச அளவுக்குச் சான்றிதழ், டிப்ளமான்னு கைல கிடைக்கும். கட்டணத்தை அவங்க பக்கத்துலயே பாருங்க, வருமானம் குறைவா இருக்கறவங்களுக்குச் சலுகை இருக்கு. வெறும் பாடம் மட்டும் போதும்னா என்பிடெல்ங்கற ஆன்லைன் பாடத் தளத்துல இலவசமாவே பார்க்கலாம். அந்த 85,000-ஐ யாருக்கும் தூக்கிக் கொடுக்காதீங்க, அவ்வளவுதான்.

சுல்தான்பேட்டை டீடிபி

ஐந்து வாரம் கழித்து வருகிறேன்.

இந்திராநகர் சார் தனிமடலில் கூப்பிட்டிருந்தார். போன சனிக்கிழமை அச்சகத்தில் அரை நாள் சொல்லிவிட்டு, மெஜஸ்டிக்கில் மெட்ரோ மாறிப் போனேன். இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து என் நிரலை வரி வரியாகப் படிக்கச் சொன்னார். ஒரு இடத்தில் 340 வரிக்கு 'இப்படி இருந்தால், இப்படி இருந்தால்' என்றே எழுதி வைத்திருந்தேன். அதை ஒரு பட்டியலாக்கி 12 வரியில் அவர் முடித்ததைப் பார்த்தபோது தொண்டை அடைத்துவிட்டது. சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் எவ்வளவு சீக்கிரம் வரும்!

வேலை என்று இன்னும் இல்லை. ஒரு பதிப்பகத்தின் பழைய பேஜ்மேக்கர் கோப்புகள் 60 புத்தகம், தமிழும் கன்னடமும் கலந்தது. அதை மாற்றிக் கொடுக்க 18,000 பேசியிருக்கிறார், மூன்று மாதத்துக்கு. ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் செய்கிறேன். தகுதித் தேர்வுக்கும் பதிவு செய்திருக்கிறேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பாடம் எடுக்கிறாள்.

இன்றைக்கு எழுத வந்தது வேறு ஒன்றுக்கு. அல்சூர் பெரியவரின் தளத்தில் எங்கள் ஏரியா பெயரைப் போட்டுத் தேடினேன், ஸ்ரீராம்புரம் என்று. பழைய இதழ்கள் எல்லாம் வந்தன. கடைசி இரண்டு வருட இதழ் ஒன்றுகூட வரவில்லை. அவை நான் மாற்றிய 140-இல் சேராதவை. பாமினி இல்லை, அவருடைய பேரன் நேராக யூனிகோடில் அடித்தவை. திறந்து பார்த்தால் ஸ்ரீராம்புரம் என்று கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் இல்லை என்கிறது. பாமினியில் ஸ்ரீ ஒரே விசை என்பதால் எனக்கு இதில் சந்தேகமே வந்ததில்லை. நான் மாற்றியதில் ஸ்ரீ 'ஸ'வில் தொடங்குகிறது. பேரன் அடித்ததில் 'ஶ' என்ற வேறொரு கிரந்த எழுத்தில். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரிகின்றன. தேடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர நாலு வரி சேர்த்திருக்கிறேன். இது சரியா, வேறு எங்காவது உடையுமா?

இந்திராநகர் ஒன்பது பேர்

சரிதான். 'ஶ' யூனிகோடில் 2005-இல்தான் சேர்ந்தது. அதற்கு முன்னால் அடித்தவை எல்லாம் 'ஸ'வில்தான் இருக்கும், அதற்குப் பிறகு விசைப்பலகையைப் பொறுத்து இரண்டும் வரும். மூலக் கோப்பை மாற்றாதீர்கள், தேடலுக்கான பிரதியில் மட்டும் மாற்றுங்கள். 'ஶ' தனியாக வரும் சமஸ்கிருதச் சுலோகம் ஏதாவது அந்த இதழ்களில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்த நாலு வரியை எனக்கு அனுப்புங்கள். நம் பதிப்பகக் கோப்புகளிலும் இதே சிக்கல் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சுல்தான்பேட்டை டீடிபி

இருக்கிறது சார். மார்கழி இதழ் ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம் சுலோகம். இன்று ராத்திரி பார்த்துவிட்டு அனுப்புகிறேன்.